சோற்றுப் பானையை மாற்றாமல் எடையைக் குறைக்க

வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாம்பன் முதல் தொண்டி வரையுள்ள கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை அதிகம். அவற்றில் பெரும்பாலானவை உடல் எடையைப் பற்றியவை. கேட்டவர்கள் வெவ்வேறு தொழில் செய்பவர்கள் என்றாலும், ஏறத்தாழ எல்லாருமே ஏதோ ஒரு டயட்டைத் தொடங்கிப் பாதியில் கைவிட்டவர்கள். ஆகவே, எந்த முறை வேகமாக எடையைக் குறைக்கும் என்று பார்க்காமல், மீன்பிடித் தடைக்காலத்திலும் நோன்பு மாதத்திலும் ஊர்த் திருவிழாவிலும் விடாமல் தொடரக்கூடியது எது என்பதையே அளவுகோலாகக் கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அம்மா அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 41, உயரம் 155 செ.மீ., எடை 76 கிலோ. கைப்பேசியில் பார்த்த முறைப்படி காலையில் ஓட்ஸ், மதியம் வெள்ளரிக்காய் சாலட், இரவில் பழம் மட்டும் என்று இரண்டு மாதம் இருந்தேன். 6 கிலோ குறைந்தது. தீபாவளியோடு அதை விட்டுவிட்டேன். குறைந்ததற்கு மேலேயே ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் தினமும் சோறும் மீன்குழம்பும்தான். எனக்கென்று தனியாகச் சமைக்க நேரமும் இல்லை, வசதியும் இல்லை. சோற்றை விடாமல் எடை குறையுமா?
– வாசகி, பாம்பன்

பதில்: குறையும். ஆனால் அதற்கு முன், குறைந்த எடை ஏன் திரும்பி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறையும் உங்கள் மன உறுதியின் மேல்தான் பழியைப் போடுவீர்கள்.

சோற்றைத் திடீரென்று நிறுத்தும்போது, கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து கரைகிறது. அதனோடு சேர்ந்திருந்த நீரும் வெளியேறுகிறது. முதல் சில நாள்களில் எடைக்கருவி காட்டும் பெரிய இறக்கம் பெரும்பாலும் அந்த நீர்தான். அதன் பிறகு கொழுப்பு குறைந்திருக்கும். ஆனால் நீங்கள் உண்ட உணவில் புரதம் மிகக் குறைவாக இருந்ததால் தசையும் சேர்ந்தே கரைந்திருக்கும். எடை இறங்க இறங்க உடல் செலவழிக்கும் ஆற்றலும் குறைகிறது, பசியோ கூடுகிறது. 1944–45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களை ஏறத்தாழ ஆறு மாதம் அரைப்பட்டினியாக வைத்து ஆராய்ந்தார்கள். அவர்கள் உடல் எடையில் கால் பங்கை இழந்தார்கள். அதோடு, நாள் முழுவதும் உணவையே நினைத்துக்கொண்டிருந்தார்கள், சிலர் சமையல் புத்தகங்களைக்கூடச் சேர்க்கத் தொடங்கினார்கள். மறுபடி உணவு கிடைத்தபோது வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை என்றார்கள். தீபாவளிக்குப் பிறகு உங்களுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுதான். அதற்காக நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி உங்கள் வீட்டுத் தட்டுக்கு வருவோம். இந்தக் கடற்கரை வீடுகளில் நான் மறுபடி மறுபடி பார்க்கும் ஒரு வழக்கம் உண்டு. மீன் துண்டுகள் முதலில் கடலுக்குப் போய் வந்தவருக்கும், அடுத்து பிள்ளைகளுக்கும் போகும். சமைத்தவர் கடைசியாக உட்காரும்போது சட்டியில் குழம்பு இருக்கும், மீன் இருக்காது. பானையில் மீந்த சோற்றை வீணாக்க மனம் வராமல் அவரே அதையும் சேர்த்துப் போட்டுக்கொள்வார். கடலை ஒட்டி வாழ்ந்தும், குடும்பத்தில் மிகக் குறைவாகப் புரதமும் மிக அதிகமாக மாவுச்சத்தும் உண்பவர் அந்த வீட்டுப் பெண்மணியாகத்தான் இருக்கிறார். உங்கள் கடிதத்தில் மீன்குழம்பு என்றுதான் இருக்கிறதே தவிர மீன் என்று இல்லை என்பதை நான் கவனித்தேன். ஆகவே நான் சொல்லும் முதல் மாற்றம் எதையும் குறைப்பதன்று: உங்களுக்குரிய மீனைப் பரிமாறத் தொடங்குவதற்கு முன்பே எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். முள் நீக்கி 150 கிராம் மீன் என்றால் ஏறத்தாழ 30 கிராம் புரதம். உங்கள் எடைக்கு நாளொன்றுக்கு 60 கிராம் தேவைப்படும். பாதி அங்கேயே கிடைத்துவிடுகிறது. மீதிக்குக் காலையில் இரண்டு முட்டையும் மாலையில் ஒரு கிண்ணம் பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ இருந்தால், இட்லியிலும் சோற்றிலும் இருக்கும் புரதத்தோடு கணக்கு சரியாகிவிடும். விலை உயர்ந்த மீனைத் தேட வேண்டியதில்லை. சூடை, சாளை, நெத்திலி, காரல் ஆகியவை மலிவாகக் கிடைக்கும் நாள்களே உங்களுக்கு நல்ல நாள்கள். சாளையில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு அமிலம் இதயத்துக்கும் நல்லது.

இரண்டாவது மாற்றம் குழம்பில். புளியும் உப்பும் காரமும் தூக்கலாக இருக்கும் குழம்பு அதிகச் சோற்றைக் கேட்கும். ஒரு கரண்டிக் குழம்புக்கு ஒரு தட்டுச் சோறு தேவைப்படுவது அதனால்தான். நம் இராமநாதபுரம் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். ஆனால் அதற்காக எல்லாக் குழம்பிலும் அதன் வீரியத்தைக் காட்ட வேண்டியதில்லை. உப்பையும் புளியையும் சற்றுத் தளர்த்தி, அதே குழம்பில் முருங்கைக்காய், கத்தரிக்காய், மாங்காய் என்று கிடைப்பதைக் கூடுதலாகப் போட்டால், குழம்பைச் சோற்றோடு பிசையாமல் காயும் மீனுமாகவே சாப்பிட முடியும். இது குடும்பத்துக்கே பொதுவான குழம்பு; உங்களுக்கென்று தனிச் சட்டி தேவையில்லை. உண்ணும்போது முதலில் காயையும் மீனையும் எடுத்துக்கொண்டு சோற்றைக் கடைசியில் உண்ணுங்கள். இப்படிச் சாப்பிடும்போது இரத்தச் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த ஒன்று. சோறு தேவைப்படும் அளவும் தானாகவே குறைவதை நீங்களே காண்பீர்கள்.

சோற்றின் அளவை இப்படி வையுங்கள். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி இருக்கிறது. வெந்த சோறாக அது இரண்டரை முதல் மூன்று மடங்கு எடைக்கு வரும். வீட்டில் இருக்கும் ஒரே கிண்ணத்தை உங்கள் அளவுக் கிண்ணமாக வைத்துக்கொண்டு, இப்போது எத்தனை கிண்ணம் உண்கிறீர்கள் என்று ஒரு வாரம் பாருங்கள். அடுத்த வாரம் மதியத்தில் ஒரு கிண்ணம், இரவில் அரைக் கிண்ணம் குறையுங்கள். அதற்கு மேல் குறைக்க அவசரப்பட வேண்டாம். சித்திரைக்கார் போன்ற சிவப்பரிசி கிடைத்தால் வாங்கலாம். அதில் நார்ச்சத்து கூடுதல், மென்று தின்ன நேரமாகும், வயிறு சீக்கிரம் நிறையும். ஆனால் கலோரியில் பெரிய வேறுபாடு இல்லை என்பதால், சிவப்பரிசிதானே என்று இரண்டு மடங்கு உண்டால் பயனில்லை. தேங்காயையும் எண்ணெயையும் கணக்கில் சேருங்கள். 100 கிராம் தேங்காய்த் துருவலிலும் அரிசியில் இருக்கும் அதே 350 கலோரி உண்டு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. மீனை நாள்தோறும் முக்கிப் பொரிப்பதை வாரம் ஒரு நாளாக்கி, மற்ற நாள்களில் தோசைக்கல்லில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் திருப்பிப் போட்டு எடுங்கள்.

இலக்கைப் பற்றி ஒன்று. எடையை உயரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் உடல் நிறை குறியீட்டெண் உங்களுக்கு 31.6; நம் நாட்டவருக்கு 23-க்கு மேல் மிகை எடை, 25-க்கு மேல் உடற்பருமன் என்று வைத்திருக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு 55 கிலோவுக்கு இறங்க வேண்டுமோ என்று மலைக்க வேண்டாம். இருக்கும் எடையில் 5 விழுக்காடு, அதாவது உங்களுக்கு 4 கிலோவுக்கும் சற்றுக் குறைவு, இறங்கினாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் முன்னேறத் தொடங்கும். மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ என்பது நல்ல வேகம். நான்கு மாதத்தில் 4 கிலோ குறைந்து, அடுத்த தீபாவளி வரை அது ஏறாமல் இருந்தால், அதை உங்களது முதல் வெற்றியாக எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் மண்டபத்தில் விசைப்படகில் வேலை பார்க்கிறேன். வயது 34. ஒவ்வோர் ஆண்டும் தடைக்காலத்தில் நான்கைந்து கிலோ ஏறுகிறது. தொழில் தொடங்கினால் இறங்கிவிடும் என்று நினைத்தால் பாதிதான் இறங்குகிறது. உடம்பு உழைக்கும் எனக்குத் தனியாக உடற்பயிற்சி தேவையா?
– வாசகர், மண்டபம்

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் உங்கள் வேலை மாறுகிறது, ஆனால் வீட்டு உலையில் போடும் அரிசியின் அளவு மாறுவதில்லை. சிக்கலின் பெரும்பகுதி அதுதான். வலை இழுத்து, மீன் பிரித்து, ஐஸ் பெட்டி தூக்கி ஆடும் படகில் இரவெல்லாம் கால் ஊன்றி நிற்பவரின் பசியும், கரையில் உட்கார்ந்து வலை பின்னுபவரின் பசியும் ஒன்றாக இருக்க முடியாது. ஆனால் வயிற்றுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரச் சில வாரங்கள் ஆகும். அந்தச் சில வாரங்கள்தான் சித்திரை, வைகாசித் திருவிழாக்களும் திருமணங்களும் நண்பர்களோடு இரவுப் பரோட்டாவும் வரிசையாக வரும் நேரம். மதுப் பழக்கம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், 180 மில்லி பிராந்தியிலேயே 400 கலோரிக்கு மேல் உண்டு என்பதை அறிந்துகொள்ளுங்கள். கூடவே தின்னும் சேவும் வறுவலும் அதற்கு மேல்.

எனவே தடைக்காலத்தின் முதல் நாளே, எடை ஏறுவதற்கு முன்பே, மூன்றை மாற்றிவிடுங்கள். சோற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். இரவு உணவை எட்டு மணிக்குள் முடியுங்கள். விடியற்காலையில் வெயில் ஏறுமுன் முக்கால் மணி நேரம் விரைந்து நடங்கள், அல்லது கரையோரமாக நீந்துங்கள். ஊர் இளைஞர்கள் மாலையில் கபடியோ வாலிபாலோ ஆடினால் அதில் சேர்ந்துகொள்வது நடையைவிடவும் நல்லது, ஏனென்றால் துணையோடு செய்வது சலிக்காது. ஏறியதை ஜூன் மாதத்துக்குப் பிறகு இறக்குவதைவிட ஏறவிடாமல் நிறுத்துவது பல மடங்கு எளிது.

தொழில் நடக்கும் மாதங்களில் உங்களுக்குத் தனியாக உடற்பயிற்சி தேவையில்லை, தூக்கம்தான் தேவை. இரவு முழுவதும் கடலில் இருந்துவிட்டுக் காலையில் கரை சேர்ந்தவர், மீன் போட்டு, கணக்கு முடித்து, பத்து மணிக்கு வயிறு நிறைய உண்டு, மூன்று மணி நேரம் படுத்து எழுந்தால், அன்று மாலை முழுவதும் இனிப்புத் தேநீருக்கும் வடைக்கும் உடல் ஏங்கும். தூக்கம் குறையும்போது பசியைத் தூண்டும் சுரப்புகள் கூடுகின்றன. கரை சேர்ந்ததும் சிறிதளவு பழைய சோறும் வெங்காயமும் ஒரு துண்டு மீனும் போதும். அறையை இருட்டாக்கி ஆறு மணி நேரமாவது தூங்கிவிட்டு எழுந்த பிறகு முழு உணவு உண்ணுங்கள். படகில் கொண்டு போகும் பொருள்களில் மிக்சரும் பிஸ்கட்டும் இருந்த இடத்தில் வறுத்த வேர்க்கடலையும் அவித்த முட்டையும் இருக்கட்டும். வேர்க்கடலையில் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். ரமலானில் முப்பது நாள் நோன்பு வைத்தும் எனக்கு எடை கூடுகிறது, நண்பர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சர்க்கரை நோயும் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். வயது 52.
– வாசகர், கீழக்கரை

பதில்: வ அலைக்கும் ஸலாம். நண்பர்கள் சிரிக்கக் காரணமில்லை. அவர்களில் பாதிப் பேருக்கும் கூடியிருக்கும். பகலில் குறைவது இரவில் ஈடாகிவிடுகிறது. நோன்பு திறக்கும் இஃப்தாரில் பேரீச்சை, நோன்புக் கஞ்சி, வடை, சமோசா, சர்பத், தராவீஹ் என்னும் இரவுத் தொழுகை முடிந்து வந்ததும் இடியாப்பமும் கறியும் அல்லது நெய்ச்சோறு, நள்ளிரவில் யாரோ கொடுத்தனுப்பிய தொதலும் வட்டலப்பமும், பின்பு விடியுமுன் உண்ணும் ஸஹர். கூட்டிப் பார்த்தால் மற்ற மாதங்களைவிட ஒரு வேளை அதிகமாகவே இருக்கிறது.

நோன்புக் கஞ்சியை நாம் தாகம் தீர்க்கும் பானமாக நினைப்பதுதான் தவறு. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொஞ்சம் கறி என்று எல்லாம் சேர்ந்த அது ஒரு முழு உணவு. பெரிய கிண்ணம் ஒன்றை மெதுவாகக் குடித்து, பேரீச்சை ஒன்றிரண்டோடு நிறுத்தி, சர்பத்துக்குப் பதில் தண்ணீர் குடியுங்கள். பொரித்த பண்டம் தட்டில் ஒன்று மட்டும் இருக்கட்டும். தராவீஹ் முடிந்து வந்தபின் மீனோ கோழியோ காய்களோடு அளவான உணவு. அதோடு இரவுச் சமையலை மூடிவிடுங்கள். ஸஹரைத் தவிர்க்காதீர்கள், முட்டை, பருப்பு, கோதுமை அல்லது குதிரைவாலிச் சோறு போன்று மெதுவாகச் செரிப்பவை அந்நேரத்துக்கு ஏற்றவை. ஊரார் கூடி உண்ணும் களரி விருந்துக்குப் போகாமல் இருக்க முடியாது, அப்படி இருக்கச் சொல்லவும் மாட்டேன். சஹன் என்னும் பெரிய தட்டில் பலர் சேர்ந்து உண்ணும்போது நாம் எவ்வளவு உண்டோம் என்பது நமக்கே தெரியாது. அன்று முன்னதாகவே ஒரு கிண்ணம் காயோ பழமோ உண்டுவிட்டுப் போங்கள்.

இனிச் சொல்வது எடையைவிட முக்கியம். இன்சுலின் ஊசியோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நோன்பின்போது சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கக்கூடும். ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பது நோன்பை முறிக்காது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. அளவு 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேலே ஏறினாலோ அன்றைய நோன்பை உடனே முடித்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல்.

கேள்வி: சீனியை விட்டுக் கருப்பட்டிக்கு மாறிவிட்டேன். காப்பியும் பணியாரமும் எல்லாம் கருப்பட்டியில்தான். எடை ஏன் குறையவில்லை?
– வாசகி, சாயல்குடி

பதில்: கருப்பட்டியும் பெரும்பகுதி சர்க்கரைதான் என்பதால். சீனியில் இல்லாத சில தாது உப்புகள் அதில் உண்டு, சுவையும் மணமும் உண்டு. கலோரியில் சீனிக்கும் அதற்கும் பெரிய இடைவெளி இல்லை. எல்லா இனிப்பும் சேர்ந்து நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார அமைப்பு. உங்கள் பனைமரங்களைக் கைவிடச் சொல்லவில்லை: நுங்கு, பனங்கிழங்கு இரண்டையும் தாராளமாக உண்ணுங்கள். பதநீர் வாரம் ஒருமுறை போதும்.

கேள்வி: நாங்கள் பாசி எடுக்கப் போகிறவர்கள். காலையில் கடலில் இறங்கினால் நாலைந்து மணி நேரம் தண்ணீரிலேதான். இவ்வளவு உழைத்தும் எனக்கும் என் நாத்தனாருக்கும் எடை 80-ஐத் தாண்டிவிட்டது. சோம்பேறி என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் சொன்னது மனத்துக்குக் கஷ்டமாக இருக்கிறது.
– வாசகி, ஏர்வாடி அருகிலுள்ள கடற்கரைக் கிராமம்

பதில்: அப்படிச் சொன்னவர் மரிக்கொழுந்துப் பாசியை ஒரு நாளாவது கல்லிலிருந்து பிடுங்கிப் பார்த்திருக்க மாட்டார். நீங்கள் சோம்பேறி அல்லர். ஆனால் உழைப்பு எடையைக் குறைத்துவிடும் என்ற நம்பிக்கையும் முழுக்கச் சரியன்று. உழைப்பால் செலவாகும் ஆற்றல் நாம் நினைப்பதைவிடக் குறைவு. அதனால் எழும் பசியோ நாம் நினைப்பதைவிட அதிகம். ஆண்டுக்கணக்காக ஒரே வேலையைச் செய்யும் உடல், அதைச் சிக்கனமாகச் செய்யவும் பழகிவிடுகிறது.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் ஊகிக்கிறேன்: காலையில் வெறும் தேநீரோடு கிளம்பி, கரைக்குத் திரும்பும் வரை ஒன்றும் உண்ணாமல், பின்பு இரண்டு மூன்று மணிக்கு ஒரே வேளையாக நிறைய உண்டு படுத்துவிடுகிறீர்கள். நடுவில் சீனி போட்ட தேநீர் நாலைந்து முறை. ஒரு தேநீருக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் ஐந்து தேநீரில் 50 கிராம் சீனி, 200 கலோரி. நாள்தோறும் இது மட்டும் குறைந்தாலே ஓராண்டில் எடையில் தெரியும். முதல் மாதம் ஒன்றரைத் தேக்கரண்டி, அடுத்த மாதம் ஒன்று என்று இறக்குங்கள், நாக்கு பழகிவிடும். கிளம்புமுன் ஒரு செம்பு கேப்பைக்கூழோ கம்பங்கூழோ மோர் கலந்து குடியுங்கள். தொட்டுக்கொள்ளக் கருவாடு வேண்டாம் என்று சொன்னால் நீங்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுவீர்கள். ஆகவே வாரத்துக்கு இரண்டு நாள், நன்றாக ஊறவைத்து இரண்டு முறை கழுவியது என்று வையுங்கள். நாளொன்றுக்கு 5 கிராம் உப்பே போதும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தன் 2024 வழிகாட்டுதலில் சொல்கிறது. உப்புக் கருவாட்டில் சில துண்டுகளே அந்த அளவை எட்டிவிடும். கடலுக்குள் இருந்தாலும் வியர்க்கும் என்பதை மறந்து பலரும் தண்ணீர் குடிப்பதில்லை. தாகத்தைப் பசி என்று எண்ணி உண்பதும் உண்டு. குடிதண்ணீர்ப் பாத்திரம் ஒன்றைக் கரையில் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் தைராய்டு, சர்க்கரை, இரத்த அழுத்தம் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுவதும் அவசியம்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான், வயது 63. நவபாஷாணக் கடற்கரைப் பக்கமாகத் தினமும் பத்தாயிரம் அடி நடக்கிறேன். முழங்கால் வலிக்கிறது, தொப்பை அப்படியே இருக்கிறது. நடையைப் பன்னிரண்டாயிரம் ஆக்கலாமா?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: வேண்டாம் ஐயா. பத்தாயிரம் என்பது மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்த எண்ணிக்கை அன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து உலகம் முழுவதும் பரவியது. உங்கள் வயதில் ஆறாயிரம், ஏழாயிரம் அடியிலேயே பெரும்பாலான நன்மை கிடைத்துவிடுகிறது. மணலில் நடப்பது முழங்காலைக் கூடுதலாக வருத்தும். வலி தீரும் வரை கெட்டியான தரையில் நடங்கள்.

உங்களுக்குக் குறைவாக இருப்பது தசைப் பயிற்சி. நடுவயதுக்குப் பிறகு தசை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. நடை மட்டும் அதைத் தடுக்காது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுவாக்கும் பயிற்சியையும் உலக சுகாதார அமைப்பு சேர்த்தே சொல்கிறது. நாம் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டோம். கை வைக்காத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை. சுவரில் இரு கைகளையும் ஊன்றித் தள்ளுவது பத்து முறை. மாடிப்படியின் முதல் படியில் குதிகாலை உயர்த்தி இறக்குவது பத்து முறை. ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி இரண்டைக் கைக்கொன்றாகத் தோளுக்கு மேல் தூக்குவது பத்து முறை. ஒருநாள் விட்டு ஒருநாள் இதைச் செய்யுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யாதீர்கள். முழங்கால் வலிக்கு நாற்காலிப் பயிற்சியே மருந்தாகும், ஏனெனில் தொடைத் தசை வலுவானால் மூட்டின் சுமை குறைகிறது. வலியோடு வீக்கமும் இருந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

தொப்பையை மட்டும் தனியாகக் கரைக்கும் பயிற்சி எதுவும் இல்லை. எடைக்கருவியை விட்டுவிட்டு அளவு நாடாவை எடுங்கள்: ஆண்களுக்கு 90 செ.மீ.க்கும் பெண்களுக்கு 80 செ.மீ.க்கும் மேற்பட்ட இடுப்புச் சுற்றளவு நம் நாட்டவருக்கு எச்சரிக்கை எல்லை. தசை கூடிக் கொழுப்பு குறையும் மாதங்களில் எடை நகராமல் இருந்தாலும் நாடா நகரும். நடைக்குப் பின் நண்பர்களோடு தேநீர்க் கடையில் உளுந்த வடை உண்டா? இருந்தால் ஒன்றோடு நிறுத்துங்கள். நண்பர்களை விட வேண்டாம். இத்தனை ஆண்டு நடையைத் தொடர வைத்தவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

கேள்வி: காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடித்தால் கொழுப்பு கரையுமா?
– வாசகி, தொண்டி

பதில்: கரையாது. தேனை விட்டுவிட்டு வெந்நீரை மட்டும் குடியுங்கள்.

கேள்வி: வயது 28, உயரம் 170 செ.மீ., எடை 98 கிலோ. இராமநாதபுரத்தில் கைப்பேசிக் கடையில் வேலை. இரவு கடை மூடப் பத்தரை ஆகிவிடும். எடை குறைக்கும் ஊசி வந்திருக்கிறது, போட்டால் ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். புரதப் பொடியும் வாங்கச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், இராமநாதபுரம்

பதில்: நண்பர் சொல்வதில் பாதி உண்மை. செமாகுளுடைடு, டிர்செபடைடு என்ற இரண்டு மருந்துகளும் எடை குறைப்புக்கான ஊசிகளாக 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. ஆய்வுகளில் ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து போட்டுக்கொண்டவர்களின் எடை சராசரியாக முதல் மருந்தில் 15 விழுக்காடும் இரண்டாவதில் 20 விழுக்காடும் குறைந்தது. இது பெரிய முன்னேற்றம்தான். இதைப் போலி என்றோ சோம்பேறிகளின் வழி என்றோ ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை.

நண்பர் சொல்லாத பாதி இது. செமாகுளுடைடை நிறுத்தியவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. ஆகவே இது ஆறு மாதத்தில் முடிகிற மருத்துவமன்று. இரத்த அழுத்த மாத்திரை போல நீண்ட காலம் தொடர வேண்டியது. மாதச் செலவு ஆயிரக்கணக்கில் ஆகும் என்பதால், கடைச் சம்பளத்தில் எத்தனை ஆண்டு தாங்கும் என்று கணக்குப் போட்ட பிறகே முடிவெடுங்கள். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கு வரும். பித்தப்பைக் கல், கணைய அழற்சி போன்றவை சிலருக்கு வரலாம். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் போடவே கூடாது. மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல் யாரோ வாங்கிக் கொடுத்ததைப் போட்டுக்கொள்வது அபாயம்.

உங்கள் குறியீட்டெண் ஏறத்தாழ 34 என்பதால் மருத்துவரிடம் இந்த மருந்தைப் பற்றிக் கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு. ஆனால் ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் மாற்றியே ஆக வேண்டியது இரவு பத்தரை மணி உணவு. கடை மூடியபின் கடும் பசியோடு பரோட்டாக் கடையில் உட்காருபவர் இரண்டோடு எழுந்திருக்க மாட்டார். ஒரு பரோட்டாவிலேயே 250 கலோரிக்கு மேல் உண்டு, சால்னா தனி. மதியச் சாப்பாட்டோடு இன்னொரு டப்பாவும் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள்: சப்பாத்தி இரண்டும் முட்டைப் பொரியலும், அல்லது சுண்டலும் தயிரும். ஏழரை மணிக்குக் கடையிலேயே பத்து நிமிடத்தில் அதை முடித்துவிட்டால், இரவு வீடு திரும்பியபின் ஒரு டம்ளர் மோரோடு படுக்க முடியும். பரோட்டாவை வாரம் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாக விலக்கினால் பத்தாவது நாள் பத்துப் பரோட்டாவாகத் திரும்பி வரும்.

புரதப் பொடி விஷமன்று, அவசியமும் அன்று. முட்டையும் மீனும் பயறும் கிடைக்கும் ஊரில் அந்தப் பணத்தை மீன் கடையிலேயே கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா என்று தெரியாமல் அளவு மீறிப் புரதம் உண்ணக் கூடாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தப் பரிசோதனையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நாள் முழுவதும் கடைக்குள் நிற்பது உடற்பயிற்சி ஆகாது. காலையில் அரை மணி நேர விரைவு நடையும், வாரம் இரண்டு நாள் தண்டால், பஸ்கி போன்ற நம் ஊர்ப் பயிற்சிகளும் போதும். தொடக்கத்தில் தண்டாலைச் சுவரில் ஊன்றிச் செய்யுங்கள். தரைக்கு வர மூன்று மாதம் ஆனாலும் பரவாயில்லை.

கேள்வி: எடையை எப்போது பார்ப்பது? காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டுகிறது. பார்த்தாலே அன்றைய மனநிலை கெட்டுவிடுகிறது.
– வாசகி, இராமேசுவரம்

பதில்: ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது நீராலும் உணவாலும் உப்பாலும்; கொழுப்பு அவ்வளவு வேகமாக மாறாது. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. ஒரு விருந்தில் அவ்வளவு யாரும் உண்டுவிட முடியாது. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலைக்கடன் முடிந்ததும், எதுவும் உண்ணும் முன், ஒரே கருவியில் பார்த்து நாள்காட்டியில் எழுதுங்கள். மாதவிலக்கு வாரத்தின் எண்ணைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மீதி எண்களின் சராசரியைப் போன மாதத்துச் சராசரியோடு ஒப்பிடுங்கள். அப்படியும் மனம் கெடுகிறது என்றால் கருவியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவை மட்டும் பாருங்கள்.